வாழைக்கன்று கட்டிய துணி

சம்பந்தத்துக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது 'தொடாதீங்க' என்பதுதான். வாழ்நாளெல்லாம் லேத்து மிஷினைத் தொட்டே பிழைத்த மனுஷன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவர், மிக்ஸியைக் கழற்றி மாட்டினார், மின்விசிறியைக் கழற்றி மாட்டினார், ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக்கூடக் கழற்றினார். அதை மட்டும் மாட்ட முடியவில்லை. மனைவி லோகநாயகி கையெடுத்துக் கும்பிட்டு, "எங்கனா வெளிய போய்ட்டு வாய்யா" என்று அனுப்பி வைத்த பிறகுதான் அவர் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனார். போன இடத்திலும் முதல் நாளே அந்தச் சொல்தான் வாசலில் நின்று வரவேற்றது.

அருங்காட்சியகம் என்றதும் தூணும் மண்டபமுமாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டின் கடைக்கோடியில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து எடுத்து, வெள்ளையடித்து, 'வட்டார அருங்காட்சியகம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ராஜா வாளும் கிடையாது, ராணி நகையும் கிடையாது. ஷிப்டுக்கு ஊதிய கம்பெனி சங்கு, கேன்டீன் டோக்கன், ஆவடி குவார்ட்டர்ஸ் வீடுகளிலிருந்து வந்த தகரப்பெட்டி, செங்கல் அச்சு, பெயர் வெட்டிய சாப்பாட்டு கேரியர்கள், சின்னதும் பெரியதுமாக மிஷின்கள். இதையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிச் சேர்ப்பதும் காப்பதும் சௌம்யாவின் வேலை. தென்காசிப் பெண். இதற்கென்றே படித்தவள். முகப்பேரில் தோழிகளோடு பிளாட்டில் இருந்துகொண்டு தினமும் ஸ்கூட்டியில் வருவாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வந்த பொருள் எதுவும் நேராகக் கூடத்துக்குள் வரக்கூடாது. பக்கத்து அறையில் தனியாகக் கிடக்க வேண்டும். கரையானோ பூச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு பக்கமும் படம் எடுத்து, எண் எழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். தூசி தட்டுவதற்கு மெல்லிய பிரஷ். ஈரத்துணி கூடாது, சோப்பு கூடாது, ஊதுபத்தி கூடாது. பிள்ளை பெற்ற வீட்டில்கூட இத்தனை பத்தியம் இருக்காது என்று சம்பந்தம் லோகநாயகியிடம் போய்ச் சொன்னார்.

"அழுக்கும் சேர்ந்ததுதான் சார் வரலாறு" என்பாள் சௌம்யா.

"அழுக்கு அழுக்குதாம்மா. அத்த கண்ணாடிப் பொட்டில வச்சா மட்டும் இன்னா அல்வாவா ஆய்டும்?" என்பார் சம்பந்தம்.

இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போய், அவர் தினமும் வரத் தொடங்கினார். எந்த மிஷின் எப்படி ஓடும் என்று அவர் சொல்வார், அவள் எழுதிக்கொள்வாள். அவர் கை தன்னையறியாமல் மிஷினை நோக்கிப் போகும், அவள் தொண்டையைக் கனைப்பாள், கை திரும்பி வந்துவிடும். 

அப்படி வந்து சேர்ந்ததுதான் தாயம்மாவின் கைப்பிரஸ். இடுப்புயர இரும்பு. தலையில் குறுக்காக ஒரு கை, அதன் நுனியில் குண்டு, பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி. இழுத்தால் திருகு இறங்கித் தகட்டில் 'டக்' என்று ஒரு வாஷர் வெட்டும். மேனாம்பேட்டில் குடியிருக்கும் தாயம்மா ஒரு ஷெட்டில் தலை நரைக்கும் வரை அதை இழுத்தவர். ஷெட்டை மூடியபோது பழைய இரும்புக்குப் போகவிருந்ததை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். சௌம்யா பலமுறை நடந்து கேட்ட பிறகு கொடுக்கச் சம்மதித்தார். அதுவும் எப்படி? "மொதல்ல எடுத்துகினு போ. எப்படிப் பாத்துக்கிறீங்கன்னு நான் வந்து பாக்கறேன். மனசுக்குத் தோதா இருந்தாதான் குடுத்துட்டேன்னு கையெழுத்து" என்று சொல்லி அனுப்பினார். பெண் கொடுத்த வீட்டில்கூட இவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள்.

பிரஸ் வந்து இறங்கிய அன்று சம்பந்தம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தாயம்மா போட்ட கண்டிஷன் அவர் காதில் விழாமல் போனது அதனால்தான். சௌம்யா மறுநாள், "இந்த பிரஸ்ஸை மட்டும் தொடாதீங்க சார்" என்றாள். அவள் எதைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்கிறாள் என்று அவர் தலையை ஆட்டி வைத்தார்.

ஆயுத பூஜைக்கு லீவு விட்டார்கள். சௌம்யா ஊருக்குக் கிளம்பும்போது சாவியை முதல் தடவையாக அவர் கையில் கொடுத்தாள். "விளக்கு வேணும்னா வாசல்ல ஏத்துங்க சார். உள்ளே ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அந்தச் சாவியை வாங்கியபோது சம்பந்தத்துக்குத் தாலுகாவே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சட்டைப்பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பூஜையன்று பொரி, கடலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் சகிதம் போய்க் கதவைத் திறந்தவர், உள்ளே பார்த்ததும் நின்றுவிட்டார். வெளியே எஸ்டேட் முழுக்க சீரியல் பல்பு மின்னுகிறது. ஷெட்டுக்கு ஷெட்டு மிஷின்கள் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனப் பொட்டும் மாலையுமாக நிற்கின்றன. உள்ளே இவை மட்டும் தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளாத பிள்ளைகள் மாதிரி மூலைக்கொன்றாக நிற்கின்றன. அவருக்கு நெஞ்சு கேட்கவில்லை. தொடாதே என்றால் திருடாதே, உடைக்காதே என்றுதானே அர்த்தம், துடைப்பது எப்படித் தொடுவதாகும் என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். தீர்ப்பு கைக்கு வந்த பிறகு யார் நிறுத்துவது?

சௌம்யா பேச்சுக்கு மரியாதை தந்து தண்ணீர் மட்டும் தொடவில்லை. காய்ந்த துணியால் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசினார். கைப்பிரஸ்ஸுக்கு ஒரு கோட் பச்சைப் பெயிண்ட் அடித்தால் அம்சமாக இருக்கும் என்று கடைக்குக்கூடப் போய்ப் பார்த்தார். ஹார்ட்வேர் கடைக்காரரும் பூஜை போட்டுவிட்டுக் கடையைப் பூட்டிக் கிளம்பியிருந்தார். அன்றைக்கு அந்தப் பூட்டு வடிவில் ஏதோ ஒரு சாமி வந்து நின்றது என்பது சம்பந்தத்துக்குப் பிறகுதான் புரிந்தது. திரும்பி வந்தவர் கண்ணில், பிரஸ்ஸின் கைப்பிடியில் சுற்றியிருந்த துணி பட்டது. கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, இரும்போடு இரும்பாக இறுகிக் கிடந்தது. "நல்ல நாளும் அதுவுமா இது இன்னா கந்தல்?" என்று முடிச்சை நெம்பி அவிழ்த்தார். அவிழ்க்க அவிழ்க்க நீளமாக வந்தது. சுருட்டி ஜன்னல் மேல் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பளபளவென்று தேய்த்து, பிரஸ்ஸின் நெற்றியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். மற்ற மிஷின்களுக்கும் அப்படியே. கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அசோக் வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஷெட்டுக்கு எதிரில்தான் வண்டியைப் போடுவான். இரண்டு கையிலும் இரண்டு வாழைக்கன்று.

"நைனா, கயிறு எதுனா கீதா? வண்டில கட்டணும். கடையெல்லாம் சாத்திட்டானுங்கோ."

சம்பந்தம் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னல் மேல் இருந்ததை எடுத்து நீட்டினார். அசோக் அதை இழுத்துப் பார்த்து, "செம்ம கெட்டி நைனா" என்று பல்லால் கடித்து நடுவில் பர்ரென்று கிழித்தான். இந்தக் கண்ணாடிக் கம்பியில் ஒரு கன்று, அந்தக் கண்ணாடிக் கம்பியில் ஒரு கன்று. பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். பொரியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அசோக் போய்விட்டான். சம்பந்தம் அன்று ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. சௌம்யா.

"சார், நாளைக்குக் காலையில தாயம்மா வர்றாங்களாம். கையெழுத்துப் போடத்தான். நானும் ராத்திரி ரயில் ஏறிடுறேன். பிரஸ்ல அந்தத் துணி நல்லா இருக்குல்ல? மழை சாரல் ஏதும் படலையே?"

"எந்தத் துணிம்மா?"

"கைப்பிடியில சுத்தியிருக்குமே. உங்ககிட்ட நான் சொல்லலையா? அதுதான் சார் அந்த பிரஸ்ஸே." அவள் சொல்லச் சொல்ல, ஈரக்கை ஈரமாகவே நின்றது. தாயம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளமாம். எதிர் பிரஸ்ஸில் இருந்த ராணி என்கிற பெண் அதைப் பார்த்துவிட்டு, கட்டியிருந்த புடவையின் முந்தானையிலேயே நீளமாகக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றிவிட்டாளாம். அன்று தொடங்கிய பழக்கம், கடைசி வரை இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டிருக்கிறார்கள். "ராணி கொரோனாவுல போயிட்டாங்க சார். அந்தத் துணியை மட்டும் யாரும் அவிழ்க்கக்கூடாதுன்னுதான் தாயம்மா சொல்லிக் குடுத்தாங்க. பத்திரமா இருக்குல்ல?"

"பத்திரமா... கீதும்மா" என்றார் சம்பந்தம்.

போனை வைத்தார். பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். முகம் பார்த்திராத ஒரு அம்மாளின் செத்துப்போன சிநேகிதி இந்நேரம் ஷேர் ஆட்டோ கண்ணாடியில் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறாள் என்பதை நினைக்க அவருக்கு அழுகையே வந்தது. நாளைக்குக் காலைக்குள் அந்தத் துணி வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?

அசோக்கின் போன் அணைந்திருந்தது. அம்பத்தூர் ஓ.டி. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினார். அங்கிருந்தவன் ஒருவன் பல்லைக் குத்திக்கொண்டே, "அவனா? முத்தாபுதுப்பேட்டையில அவங்க அக்கா ஊட்டுக்குப் போறேன்னான்" என்றான். சம்பந்தம் ஆவடி பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

விஜயதசமியன்று சென்னையில் ஒரு வாழைக்கன்றைத் தேடிப் போகிறவனுடைய பாடு பகைவனுக்கும் வேண்டாம். லாரியில் வாழைக்கன்று, தண்ணீர் வண்டியில் வாழைக்கன்று, கவர்மென்ட் பஸ்ஸில் வாழைக்கன்று, சின்னப் பையன்களின் சைக்கிளில்கூட வாழைக்கன்று. சம்பந்தம் ஜன்னல் வழியே தலையை நீட்டி, தாண்டிப் போகிற ஒவ்வொரு ஆட்டோவின் கண்ணாடியையும் உற்றுப் பார்த்தார். சணல் கயிறு, நைலான் கயிறு, டேப்பு, சுடிதார் துப்பட்டா. ஆவடி சிக்னலில் ஒரு ஆட்டோக்காரன், "இன்னா பெர்சு, வண்டி வாங்கப் போறியா?" என்று கேட்டான். அவர் அதற்குள் அடுத்த ஆட்டோவின் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பியிருந்தார். எங்கேயாவது வாடிப்போச்சு என்று அசோக் பிடுங்கி எறிந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் வண்டி ஓட்டுகிறவன் எவனும் பூஜைக்குக் கட்டிய கன்றை மறுநாளே அவிழ்க்க மாட்டான். அது தானாகக் காய்ந்து விழுகிற வரை அபசகுனம் என்று கை வைக்க மாட்டான். அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு ஆவடியில் இறங்கி, வேறொரு வண்டி மாறி, முத்தாபுதுப்பேட்டை போய்ச் சேர்ந்தார்.

அசோக்கின் ஆட்டோ அக்கா வீட்டு வாசலில் நின்றது. இடது கண்ணாடியில் வாழைக்கன்று தலைதொங்கிப்போய் இருந்தது. அதைக் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்ததும் சம்பந்தம் இரண்டு கையாலும் ஆட்டோவைக் கும்பிட்டார். அப்புறம் வலது பக்கம் போனார். அங்கே கன்றும் இல்லை, துணியும் இல்லை.

"டேய் அசோக்கு!"

அவன் கையில் வடையோடு வெளியே வந்தான். "இன்னா நைனா, இங்க எங்க?"

"இந்தப் பக்கத்துக் கன்னு எங்கடா?"

"அத்த மாடு துன்னுட்ச்சு நைனா. காத்தால நான் பல்லு வௌக்கிகினு கீறேன், அது வந்து இஸ்த்துகினு போய்ட்ச்சு."

"துணியையுமாடா துன்னுச்சு?"

"எனக்கு இன்னா தெரியும்? மாட்டாண்ட கேக்க முடியுமா?"

சம்பந்தம் அப்படியே ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். விஷயத்தை அவர் சொல்லி முடித்தபோது அசோக்கின் கையில் வடை ஆறிப்போயிருந்தது. "என்னா நைனா நீ, அத்தப் போய் என்கிட்ட குத்துட்டியே" என்று கோபித்துக்கொண்டவன், அடுத்த நிமிஷம் லுங்கியை மடித்துக் கட்டினான். "வா. அது பால்காரர் ஊட்டு மாடு. ரேஷன் கடையாண்டதான் சுத்திகினு இருக்கும்."

ரேஷன் கடைப் பக்கம் இல்லை. கோயில் பின்புறம் குப்பைத்தொட்டியருகே இருந்தது. வெள்ளையும் செவலையுமாக, பூஜைக்குச் சாயம் அடித்த கொம்பு. ஒரு கொம்பு நீலமாக இருந்தது. இன்னொரு கொம்பும் நீலம்தான், ஆனால் அதில் கறுப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கன்றை இழுத்தபோது வளையமாகக் கட்டியிருந்த துணி முடிச்சோடு கழன்று கொம்பில் மாட்டிக்கொண்டுவிட்டது. மாடு அதைச் சட்டை செய்யாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அசோக் பக்கத்தில் போனான். மாடு தலையைச் சிலுப்பிற்று. அவன் நாலு அடி பின்னால் வந்தான். சம்பந்தம் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து, ஒவ்வொன்றாக நீட்டினார். கம்பெனி முதலாளிகளிடம்கூட அவ்வளவு பணிவாக அவர் நின்றதில்லை. "துன்னும்மா. நல்லா துன்னு. தாயே, மகராசி" என்று சொல்லிக்கொண்டே, மாடு நாக்கை நீட்டிய நேரம் பார்த்து, கொம்பிலிருந்து வளையத்தை மெல்ல உருவினார். வந்துவிட்டது. ஒரு ஓரம் சப்பியிருந்தது, கொஞ்சம் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி நடுரோட்டில் நின்று அவர் சிரித்தார். மிச்சப் பழத்தையும் மாட்டுக்கே போட்டார்.

அசோக் இடதுபக்கத் துணியையும் அவிழ்த்துக் கொடுத்து, சவாரி ஏற்றாமல் அவரை அம்பத்தூர் வரை கொண்டுவந்து விட்டான். வழியில் மடியில் வைத்துப் பார்த்தபோதுதான் சம்பந்தம் அதைக் கவனித்தார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்ததால் மேல்பக்கம்தான் கறுப்பு. உள்ளே அடங்கியிருந்த மடிப்பு கத்திரிப்பூ நிறம். நடுவே சின்னச் சின்ன மஞ்சள் பூ, நேற்றுக் கடையில் எடுத்த மாதிரி.

வீட்டில் லோகநாயகி அதைப் பார்த்து முகம் சுளித்து, "இன்னாய்யா இது, நாத்தம் புடுங்குது" என்று சோப்பு ஊற வைத்திருந்த பக்கெட்டுக்கு எடுத்துப் போகப் பார்த்தாள்.

"தொடாதே!" என்று கத்தினார் சம்பந்தம்.

கத்திய பிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அது தன் வாயிலிருந்து வந்த சொல்தானா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், சத்தமில்லாமல் பழையபடி சுற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்பதுதான் அவர் போட்ட திட்டம். ஆனால் கிழிந்த துணி கிழிந்த துணிதான். ஒரு பாதியைச் சுற்றினால் இன்னொரு பாதி அவிழ்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் போலிருக்கிறது, இதை மறைக்க முடியவில்லை. அதற்குள் சௌம்யா ரயிலிலிருந்து இறங்கி, பையும் தோளுமாக நேராக வந்துவிட்டாள். கூடம் முழுக்கச் சந்தனமும் குங்குமமுமாக நிற்பதைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"நான் ஒண்ணு சொல்லணும்மா" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தாயம்மா வந்துவிட்டார். கூடவே ஒரு இளம்பெண். "ராணி பொண்ணு. ரோஷினி. ஐ.டி. கம்பெனில கீது. நானும் பாக்கறேன் பெரிம்மான்னு சொல்லிச்சு, இட்டாந்தேன்" என்றார்.

சொல்லிக்கொண்டே உள்ளே வந்த தாயம்மா, பிரஸ்ஸின் முன்னால் நின்றார். கைப்பிடிக்குப் போகும் முன் அவர் கண் அதன் நெற்றியில் இருந்த பொட்டில் நின்றது. சம்பந்தம் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"யாரு பொட்டு வச்சது?"

சௌம்யா, "மன்னிச்சிருங்கம்மா, எங்க வழக்கம் இல்ல, நான் இல்லாதப்போ..." என்று இழுத்தாள்.

"ஷெட்டு மூடின நாள்ல இருந்து இதுக்கு யாருமே பொட்டு வைக்கல" என்றார் தாயம்மா. "தார்ப்பாயை எடுத்துட்டு நானாவது வச்சிருக்கலாம். ஒத்தையில மனசு வரல. நேத்து முந்தாநாளு பூரா அதையே நெனச்சிகினு இருந்தேன். இங்க வச்சிருக்கீங்க." அவர் சம்பந்தத்தைப் பார்த்தார். "நீங்களாண்ணா? நல்லா இருக்கணும்."

அந்த 'நல்லா இருக்கணும்' சம்பந்தத்தை எங்கேயோ தைத்தது. திட்டை வாங்கிக்கொண்டு நின்றிருப்பார். வாழ்த்தை வாங்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தார்.

"நல்லா இருக்க வேணாம்மா. நான்தான் இத்த அவுத்தேன். தெரியாம அவுத்துட்டேன். ஆட்டோக்காரனாண்ட குடுத்துட்டேன், அவன் கிழிச்சு வாழக்கன்னு கட்டிட்டான், பாதிய மாட்டுக் கொம்புல இருந்து எடுத்தாந்தேன். ரெண்டு துண்டும் கீது. ஒட்டு மட்டும் போட முடியல."

சௌம்யா கண்ணை மூடிக்கொண்டாள். தாயம்மா இரண்டு துண்டையும் வாங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு துண்டைப் பிரித்தார். கறுப்புக்கு அடியிலிருந்து கத்திரிப்பூ நிறம் வந்தது.

"இது அம்மாவோட புடவை" என்றாள் ரோஷினி.

அவள் கிட்டே வந்து மஞ்சள் பூ ஒன்றின் மேல் விரலை வைத்தாள். "போட்டோவுல இருக்கு பெரிம்மா. நான் ஒரு வயசுல அம்மா மடியில உக்காந்திருக்கிற போட்டோ. இந்தப் பூதான். அதுல கலரெல்லாம் வெளுத்துப் போச்சு. இந்தக் கலர்னு எனக்குத் தெரியாது."

தாயம்மா அந்தப் பெண்ணையே பார்த்தார். பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்டார். "உங்கம்மா போனப்போ நீ வந்து கேட்ட. ஞாபகம் கீதா? அந்தத் துணியக் குடு பெரிம்மான்னு. எண்ணெக் கந்தல் உனக்கு எதுக்குன்னேன். கந்தலா இது? எனக்குக் குடுக்க மனசு வரலடி. குடுக்கவும் முடியாம, வச்சிக்கவும் முடியாமதான், அவுக்கக்கூடாதுன்னு சொல்லி இவங்க தலையில கட்டினேன். நான் கிழிக்கணும்னா இந்த ஜென்மத்துல கிழிச்சிருக்க மாட்டேன்." 

அவர் ஒரு பாதியை மடித்து ரோஷினியின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். ரோஷினி அழுதுவிட்டாள். தாயம்மாவும் அழுதார், ஆனால் அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது அவருக்கு. "மாட்டுக் கொம்புல ஊர்கோலம் போயிருக்கா பாரு. உசுரோட இருந்தப்போ தேருக்குக் கூப்டா வர மாட்டா."

பிறகு சௌம்யாவைப் பார்த்து, "பாதி குறையுதேம்மா, பரவால்லியா?" என்று கேட்டார்.

சௌம்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க இன்னும் கையெழுத்தே போடலையேம்மா. எதைக் குடுக்கிறீங்களோ அதுதான் எங்களுது." 

மீதிப் பாதியைத் தாயம்மா தன் கையாலேயே கைப்பிடியில் சுற்றினார். நிறம் தெரிகிற பக்கம் வெளியே இருந்தது. முழுக் கைப்பிடிக்கும் வரவில்லை. உள்ளங்கை படுகிற இடத்துக்குச் சரியாக வந்தது. அவ்வளவு போதும் என்றார். கையெழுத்தைப் போட்டுவிட்டு, போகும்போது ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். 'டக்' என்றது பிரஸ். கூடமே அதிர்ந்த மாதிரி இருந்தது சம்பந்தத்துக்கு. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அந்த 'டக்'கில்தான் இறங்கிற்று.

அவர்கள் போன பிறகு அவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். சௌம்யா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பெயிண்ட் அடிச்சீங்களா சார்?"

"கடை பூட்டியிருந்துச்சும்மா."

"சாமி காப்பாத்திச்சு" என்று தலையில் கை வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை அவர் பக்கமாகத் திரும்ப நகர்த்தினாள். "அடுத்த வருஷம் பொட்டு வைக்கலாம். ஆனா நான் இருக்கும்போது."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிரஸ்ஸின் பக்கம் போனார். புதிதாகப் பூசிய எண்ணெயின் மேல், இழுப்பதற்கு முன் தாயம்மா இடது கையை ஊன்றிய இடத்தில், ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு தடம் பதிந்திருந்தது. பழக்கதோஷம், சம்பந்தத்தின் கை தோளில் கிடந்த துடைக்கும் துணிக்குப் போயிற்று. யாரும் கனைக்கவில்லை. அவர் துணியை மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டு, அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போனார்.